க்யூ-2 என்று சொன்னது கம்ப்யூட்டர்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்த நேரத்தில் காலிங் பெல். கதவைத் திறந்தால் எதிர் ஃப்ளாட் பெண், லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஆன்ட்டி, தூங்கிட்டீங்களா? ஒரே ஒரு நிமிஷம்."

எங்கள் ஆழ்வார்பேட்டை அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் தெரியும், நான் கல்லூரி நூலகத்தில் இருந்து ரிட்டையர் ஆனவள் என்று. டி.டி.கே. சாலையில் ஆட்டோ கிடைக்கவில்லை என்றால்கூட என்னிடம் வந்து கேட்பார்கள். நூலகர் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! அதனால் "ஒரு நிமிஷம்" என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் என்று எனக்குத் தெரியும். காபிக்குப் பாலை வைத்தேன்.

அந்தப் பெண் உணவியலில் பிஎச்.டி. செய்கிறாள். கேழ்வரகுக் கூழ் புளிக்கும்போது அதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. இரண்டு வருட உழைப்பு. அதை ஒரு கட்டுரையாக எழுதி வியாழக்கிழமை ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமை பதில் வந்துவிட்டது. "உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது. 48 மணி நேரத்துக்குள் 25,000 ரூபாய் கட்டினால் இந்த மாதமே வெளியாகும்."

"அப்பா பணம் ரெடி பண்ணிட்டாரு ஆன்ட்டி. அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு..."

"ரெண்டே நாள்லயா படிச்சு முடிச்சுட்டாங்க?" என்றேன்.

"அதான் எனக்கும் டவுட்டு. ஆனா பாருங்க, ஜோடெரோல க்யூ-2னு காட்டுது!"

திரையை என் பக்கம் திருப்பினாள். உண்மைதான். அந்த இதழின் பெயருக்கு நேராகப் பச்சை நிறத்தில் க்யூ-2 என்று பளிச்சென்று இருந்தது.

ஜோடெரோ என்றால் என்ன?

வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய இலவச மென்பொருள் இது. அல்பேனிய மொழியில் 'தேர்ச்சி பெறுதல்' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்களாம்.

நாம் சமையல் குறிப்புகளை நோட்டில் ஒட்டி வைப்போமே, அதுபோலத்தான். இணையத்தில் ஒரு கட்டுரையைப் பார்த்தால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். எழுதியவர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும். பிறகு ஆய்வேடு எழுதும்போது, மேற்கோள் பட்டியலையும் அதுவே போட்டுக் கொடுக்கும். என் காலத்தில் இதற்காக மாணவர்கள் ஷூ டப்பா நிறைய அட்டைகள் வைத்திருப்பார்கள். ஒரு அட்டை தொலைந்தால் ஒரு வாரம் அழுகை.

இந்த ஜோடெரோவில் கூடுதல் வசதிக்காகச் சின்னச் சின்ன 'ப்ளக்-இன்'களை வெளியாட்கள் எழுதித் தருகிறார்கள். அதில் ஒரு வகைதான் எதிர் வீட்டுப் பெண் போட்டிருந்தது. நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில், அது வந்த இதழின் தரவரிசை என்ன என்று எழுதிவிடும். இருநூறு கட்டுரைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்க வேண்டாம். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். கம்ப்யூட்டரில் மட்டும்தான் இது. போனில் இருக்கும் ஜோடெரோ ஆப்பில் ப்ளக்-இன் போட முடியாது.

மார்க் போடுவது யார்?

ஆய்விதழ்களுக்கு மார்க் போடும் பழக்கம் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவரிடமிருந்து வந்தது. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அட்டவணை போடலாமே என்று 1955-ல் எழுதினார். 1960-களில் அந்த அட்டவணையைத் தயாரிக்கும்போது, எந்தெந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய ஒரு கணக்கு தேவைப்பட்டது. அதுதான் 'இம்பாக்ட் ஃபாக்டர்'. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள், இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அந்தக் கணக்கு. இதழைத் தேர்ந்தெடுக்கப் பிறந்த அளவுகோல், நாளடைவில் மனிதர்களுக்கு வேலை கொடுக்கும் அளவுகோலாகிவிட்டது.

ப்ளக்-இன் காட்டும் க்யூ-1, க்யூ-2 எல்லாம் இன்னொரு கணக்கு. ஸ்பெயினைச் சேர்ந்த 'சிமாகோ' என்ற குழு வெளியிடுவது. ஸ்கோபஸ் என்ற தகவல் தளத்தின் புள்ளிவிவரங்களை வைத்து, ஒரு துறையில் உள்ள இதழ்களை வரிசைப்படுத்தி நான்காக வெட்டுகிறார்கள். மேல் கால் பங்கு க்யூ-1, அடுத்தது க்யூ-2, அப்படியே க்யூ-4 வரை. இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ப்ளக்-இன் எழுதுகிறவர்களுக்கு வசதி.

எங்கள் பேட்டைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது சபாக்களுக்குப் போடும் மார்க். மார்கழியில் எந்த சபாவில், எந்த ஸ்லாட்டில் பாடினார் என்று கேட்டாலே பாடகரின் 'ரேஞ்ச்' தெரிந்துவிட்டதாக நினைப்போம். பெரிய சபாவில் கச்சேரி என்றால் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பெரிய சபாவில் சொதப்பிய சாயங்காலங்களும் உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் முன்னால் பாடிய பெண்ணின் தோடி ஒரு மாதம் காதில் நின்றதும் உண்டு. சபாவின் மார்க்கைப் பாட்டுக்குப் போட முடியாது.

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வாசலில் பெரிய சபாவின் பெயரை எழுதி போர்டு மாட்டிக்கொண்டு வேறு யாரோ டிக்கெட் விற்றால்?

பெயர் ஒன்று, ஆள் வேறு

அன்றைக்கு எனக்கு அந்தச் சந்தேகம்தான். ப்ளக்-இன் எப்படி வேலை செய்கிறது? நம் கட்டுரையில் இருக்கும் இதழின் பெயரையோ, ஐ.எஸ்.எஸ்.என். என்ற எட்டு இலக்க எண்ணையோ எடுத்துத் தரவரிசைப் பட்டியலில் தேடும். பொருந்தினால் அந்த மார்க்கைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். அவ்வளவுதான். கட்டுரையைப் படிக்காது. வெப்சைட் உண்மையா என்று பார்க்காது. ஒரே பெயரில் இன்னொருவர் கடை விரித்திருந்தால் அதற்குத் தெரியாது.

"சிமாகோ தளத்தைத் திற. அந்த இதழோட பக்கத்துக்குப் போ" என்றேன்.

பெயர் சரி. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் சரி. "பாத்தீங்களா ஆன்ட்டி!" என்று அவள் முகம் மலர்ந்தது.

"பதிப்பாளர் யாரு? எந்த நாடு?"

அங்கே ஐரோப்பாவில் இருக்கும் ஓர் உணவியல் சங்கம் என்று இருந்தது. இவளுக்கு மெயில் அனுப்பிய தளத்தில் சங்கத்தின் பெயரே இல்லை. இலவச மெயில் முகவரி ஒன்று, பணம் அனுப்பும் விவரம் ஒன்று, அவ்வளவுதான்.

"சரி, அவங்க போன மாசம் என்னென்ன கட்டுரை போட்டிருக்காங்க?"

பார்த்தோம். சிரிப்பு வந்தது. உணவியல் இதழில் ஜி.எஸ்.டி. பற்றி ஒரு கட்டுரை. அடுத்தது கான்கிரீட் தூண். அதற்கடுத்தது ஆங்கில நாவல்களில் பெண் பாத்திரங்கள். அதன் பக்கத்தில்தான் இவளுடைய கேழ்வரகுக் கூழைக் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள்.

நிஜ இதழின் ஆசிரியர் குழு முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு மெயில் போட்டாள். மறுநாள் இரவு பதில் வந்தது. அந்தத் தளம் எங்களுடையது இல்லை, உங்கள் கட்டுரை எங்களிடம் வரவே இல்லை, எங்கள் பெயரை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று.

இந்த வித்தைக்கு ஆய்வு உலகில் 'கடத்தப்பட்ட இதழ்' என்று பெயர். நிஜ இதழின் பெயர், எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போலித் தளம் தொடங்குவது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற அமைப்பு 2022 முதல் இப்படிப்பட்ட போலித் தளங்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. பணம் மட்டும் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு 'வேட்டை இதழ்கள்' என்ற பொருளில் 2010-ல் பெயர் வைத்தவர் ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்கர். அவரும் ஒரு நூலகர்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!

25,000 ரூபாய் தப்பியது. அதைவிடப் பெரிது, இரண்டு வருட உழைப்பு தப்பியது. போலித் தளத்தில் ஒருமுறை வெளியாகிவிட்டால் அதே கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்புவது பெரும் சிக்கல். எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், அதற்கும் பணம் கேட்கிறவர்கள் உண்டு.

குப்பைத்தொட்டியில் ஒரு புதையல்

கோபத்தில் அவள், "இந்த ப்ளக்-இன்னே வேணாம், தூக்கிடறேன்" என்றாள். "அவசரப்படாதே, அது பாவம் என்ன பண்ணும்?" என்று சமாதானம் சொல்லிவிட்டு அவளுடைய நூலகத்தை மேய்ந்தேன். பழக்கதோஷம். ஏதோ இடித்தது. கூழ் பற்றிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக் கட்டுரை ஒன்றுகூட இல்லை.

"நம்ம ஊர் கட்டுரையெல்லாம் எங்கே?"

கொஞ்சம் தயங்கினாள். "அதெல்லாம் ராங்க் வரல ஆன்ட்டி. காலியா இருந்தது. க்யூ-1, க்யூ-2 மட்டும் வெச்சுக்கலாம்னு மத்ததை டெலீட் பண்ணிட்டேன்."

நல்லவேளை, ஜோடெரோவில் அழித்தது முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். திறந்து பார்த்தால் நாற்பதுக்கும் மேல். அதில் ஒன்று, 1970-களில் ஒரு வேளாண் கல்லூரி இதழில் வந்தது. கிராமத்துப் பானைகளில் கூழ் புளிப்பதை மணிக்கணக்கு போட்டு அளந்து எழுதியிருக்கிறார்கள். இவள் லேபில் பார்த்ததை ஒப்பிட அதைவிடப் பொருத்தமான கட்டுரை கிடையாது.

அதற்கு ஏன் ராங்க் வரவில்லை? சிமாகோவின் கணக்கே 1999-ல் இருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நின்றுபோன இதழ்களுக்கு அதில் இடமே கிடையாது. இன்று வரும் பல இந்திய மொழி இதழ்களும் ஸ்கோபஸில் இல்லை. காலியாக இருக்கிறது என்றால் 'எனக்குத் தெரியாது' என்றுதான் பொருள். 'மட்டம்' என்று பொருள் இல்லை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

சில நேரம் பெயரில் உள்ள ஒரு 'தி', ஒரு 'அண்ட்' மாறினாலே பொருந்தாமல் காலியாகக் காட்டும். ஒரே இதழ் ஒரு துறையில் க்யூ-1 ஆகவும், இன்னொன்றில் க்யூ-3 ஆகவும் இருக்கும். ப்ளக்-இன் அதில் உயர்ந்ததை மட்டும் காட்டக்கூடும். 1985-ல் வந்த கட்டுரைக்கு இன்றைய ராங்க்கை ஒட்டுவதும் உண்டு. தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் பேரனின் வாட்சைக் கட்டிவிட்டது மாதிரி.

அவளுக்கு நம்பிக்கை வர, நம் ஊர்க் கதைகள் இரண்டைச் சொன்னேன்.

கணித மேதை ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-ல் வந்தது. எதில்? இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில். டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமஸ்வாமி ஐயர் 1907-ல் முயற்சி எடுத்துத் தொடங்கிய கழகம் அது. இதழ் வர ஆரம்பித்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதியதே 1913 ஜனவரியில்தான். 'க்யூ-1 மட்டும்' என்று வடிகட்டி அன்று ஒருவர் உட்கார்ந்திருந்தால், 1911-ல் ராமானுஜன் அவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

இன்னொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன். 1963-ல் தன் சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து, புரதத்தின் வடிவம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது வந்த இதழ் தொடங்கி அப்போது நான்கே வருடம். 'ராமச்சந்திரன் ப்ளாட்' என்று உலகம் முழுக்க இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் படிப்பது அதைத்தான். ஆனால் இம்பாக்ட் ஃபாக்டர் கணக்குப்படி, அந்தக் கட்டுரைக்கு இன்று வரும் மேற்கோள் ஒன்றுகூடச் சேராது. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு மட்டும்தானே கணக்கு! அறுபது வருடங்கள் தாண்டி நிற்கும் ஒன்றைப் பார்க்க அந்த அளவுகோலில் கண்ணே கிடையாது.

பட்டியல் போட்டுப் பார்த்தார்கள்

"அப்போ கவர்மென்ட்டே ஒரு நல்ல லிஸ்ட் போட்டுடலாமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போட்டுப் பார்த்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே அடியாக 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்த வருடம் 'கேர்' என்ற புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிடுவதாக அறிவித்து, இதழ்களை எப்படி எடைபோடுவது என்று சில அளவுகோல்களை மட்டும் கொடுத்து, பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

ஆக, கடைசியில் பார்க்க வேண்டியது நாம்தான். நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. இன்னொன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கச் செய்வது. என் அனுபவத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். இந்த ப்ளக்-இன் முதல் விதியை அருமையாகச் செய்கிறது. அதை மட்டும் நம்பினால் இரண்டாவதை மிதித்துவிடுகிறது.

உங்கள் வீட்டிலும் ஆராய்ச்சி மாணவர் இருந்தால்...

ப்ளக்-இன்னைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். இருநூறு கட்டுரையில் எதை முதலில் படிப்பது என்று வரிசைப்படுத்த நல்ல கருவி. எதை அழிப்பது என்று அதனிடம் கேட்க வேண்டாம்.

காலியாக இருக்கும் கட்டுரைகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, முன்னுரையையும் முடிவுரையையும் மட்டுமாவது படித்துவிட்டு முடிவுசெய்யட்டும்.

கட்டுரை அனுப்பும் முன், இதழின் பெயரும் எண்ணும் பொருந்தினால் மட்டும் போதாது. பதிப்பாளர், நாடு, வெப்சைட் முகவரி மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ்.எஸ்.என். என்பது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. வண்டி ஓடுமா என்பதற்கு அது சான்றிதழ் இல்லை.

கடைசி இதழில் வந்த பத்துத் தலைப்புகளைப் படியுங்கள். கூழுக்குப் பக்கத்தில் கான்கிரீட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணம் கேட்டாலே போலி என்று நினைக்க வேண்டாம். நல்ல இதழ்கள் சிலவும் வாங்குகின்றன. இரண்டு நாளில் ஏற்பு, 48 மணி நேரக் கெடு, இவை சேர்ந்து வந்தால்தான் உஷார்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் பாசம் என்று நினைக்காதீர்கள். "யாருக்கு அனுப்பற?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு ஆராய்ச்சி புரியாவிட்டாலும், அவசரப்படுத்தி விற்கிற கடைக்காரரை உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண் பிறகு நிஜ இதழுக்கே கட்டுரையை அனுப்பினாள். போன வாரம் பதில் வந்தது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இரண்டு பேர் வரிவரியாகப் படித்து, மூன்று பக்கத்துக்குக் கேள்வி கேட்டிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி: 'இந்த வகைக் கூழைப் பற்றி உங்கள் பகுதியில் முன்பு யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?'

குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்து, என் டைனிங் டேபிளில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் காபிக்குப் பால் வைத்திருக்கிறேன்.